ஒருத்தன் மட்டும் தேடும் சொல்

மார்ச் 8, 2025 – சனி

வெப்சைட் திறந்து இன்றோடு பதினாறு நாள். மொத்தம் நாற்பத்து மூன்று வருகை என்று காட்டுகிறது. அதில் நாற்பது நான். இரண்டு என் வீட்டுக்காரர் அழகுபாண்டி. "தெறக்குதான்னு பாத்தேன்" என்றார். மீதி ஒன்று யாரென்று தெரியவில்லை. அந்த ஒரு ஆளை நினைத்துக்கொண்டுதான் இன்று தட்டுகளை எல்லாம் துடைத்தேன்.

கல்யாணம், சடங்கு, காதுகுத்து – எதற்கும் சீர் கொண்டுபோகத் தட்டு வேண்டும். ஜரிகை, பூ, மணி எல்லாம் வைத்து அலங்காரம் செய்த தட்டை வாடகைக்குக் கொடுக்கிறேன். ஐம்பத்தொரு தட்டு வாங்கி முன்னறையில் அடுக்கியாயிற்று. மகள் பெயரில் 'வாணி சீர்வரிசை' என்று போர்டும் வைத்தாயிற்று. ஆனையூரில் எங்கள் சந்துக்குள் வழி தவறி வருகிறவர்களைத் தவிர அந்த போர்டை யாரும் பார்ப்பதில்லை. ஆவணிக்குள் வியாபாரம் நடக்காவிட்டால் முன்னறை இவருடைய மெக்கானிக் கடை பைக் சாமான்களுக்காம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இன்று அந்த அறையை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

மார்ச் 15 – சனி

விளாங்குடியிலிருந்து ஐரின் வந்தாள். கல்லூரியில் என்னோடு படித்தவள், இப்போது மிஷன் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் டீச்சர். வெப்சைட்டை அவள்தான் செய்து கொடுத்தாள். கீவேர்டு மட்டும் நானே எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதாவது ஜனங்கள் கூகுளில் எந்தச் சொல்லைப் போட்டால் நம் கடை வரவேண்டுமோ அந்தச் சொல். நான் எழுதி வைத்திருந்ததை டீச்சர் குரலில் சத்தமாக வாசித்தாள்.

"கலைநயமிக்க பாரம்பரிய மங்கலச் சீர்வரிசைத் தாம்பாள அலங்காரச் சேவையகம்."

வாசித்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"யாருடி இத டைப் பண்ணித் தேடுவா? அடிச்சு முடிக்கிறதுக்குள்ள கல்யாணப் பொண்ணுக்கு வளைகாப்பே வந்துரும்."

பத்தாம் வகுப்பில் தமிழில் தொண்ணூற்றாறு வாங்கியவளிடம் பேசுகிற பேச்சா இது? அவள் போன பிறகு கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் 'தட்டு மதுரை' என்று போட்டேன்.

மார்ச் 19 – புதன்

முதல் போன் வந்தது! ஒரு டிபன் கடைக்காரர். பாக்குமட்டைத் தட்டு ஆயிரம் கிடைக்குமா என்று கேட்டார்.

மார்ச் 20 – வியாழன்

இன்றைக்குப் பேப்பர் தட்டு. 'தட்டு மதுரை'யை எடுத்துவிட்டேன்.

மார்ச் 29 – சனி

ஐரினைக் கெஞ்சி வரவழைத்தேன். இன்றைக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தாள். கூகுளில் பாதிச் சொல்லை மட்டும் அடித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். ஜனங்கள் வழக்கமாக என்ன தேடுகிறார்களோ அது கீழே வரிசையாக வந்து நிற்கும். 'தாய்மாமன் சீர்' என்று அடித்தோம்.

என்னென்ன, பட்டியல், எத்தனை தட்டு வைக்கணும், காதுகுத்துக்குத் தாய்மாமன் என்ன செய்யணும் – அடுக்கிக்கொண்டே வந்தது.

"பாத்தியா? நீ விக்கிற பொருளோட பேரு எதுலயாச்சும் இருக்கா? எல்லாம் ஆம்பளைக கேக்குற கேள்வி. சபையில மானம் போயிருமோன்னு பயந்து போய்க் கேக்குறாங்க. அந்தப் பயத்துக்குப் பதில் எழுது சத்யா, கீழ உன் நம்பரப் போடு."

இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? சீர் என்றாலே பெண்கள் சமாசாரம் என்று நினைத்து, பக்கம் முழுவதும் ரோஜாப்பூப் படமாகப் போட்டு வைத்திருக்கிறேன். முழித்துக்கொண்டு நிற்பவன் தாய்மாமன்தானே. பிள்ளைக்கு மொட்டை அடிப்பதும் அவன் மடியில், காது குத்துவதும் அவன் மடியில். அவன் சீரோடு வந்து இறங்கும் நேரத்தில் மொத்தச் சொந்தமும் தட்டை எண்ணும்.

ஏப்ரல் 2 – புதன்

'தாய்மாமன் சீர் – முழுப் பட்டியல்' எழுதி ஏற்றிவிட்டேன்.

எனக்குத் தெரிந்தவரை எழுதினால் பதினேழு தட்டில் முடிந்துவிட்டது. பக்கம் நீளமாக இருந்தால்தான் மேலே வரும் என்றாள் ஐரின். சரி, எத்தனை என்று வைப்பது? என்னிடம் இருப்பது ஐம்பத்தொன்று. ஆகவே முறை ஐம்பத்தொன்று ஆயிற்று.

முப்பது வரை பழம், பலகாரம் வைத்துச் சமாளித்தேன். அதற்கு மேல் கற்பனைதான். நாற்பத்து மூன்றாவது தட்டு சீப்பு, கண்ணாடி. நாற்பத்தேழு கரடி பொம்மை. நாற்பத்தொன்பதில் பென்சில் பெட்டி வைத்து 'கல்விச் செல்வம் பெருக' என்று எழுதியபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.

ஏப்ரல் 14 – திங்கள்

சித்திரை ஒன்று. நல்ல நாள் என்று இன்று வாணியின் காதுகுத்துக்குத் தேதி பார்த்தார்கள். ஆவணி 15, ஆகஸ்ட் 31, ஞாயிறு. உசிலம்பட்டிக்குத் தெற்கே எங்கள் குலசாமி கோயிலில்.

உடனே சுருளிக்குப் போன் போட்டேன். என் தம்பி, எனக்கென்று இருக்கும் ஒரே உடன்பிறப்பு. உசிலம்பட்டியில் பால் வண்டி ஓட்டுகிறான். "யக்கா, என் மடியிலதான! மொட்டையடிக்கையில பிள்ள எம்புட்டு அழுதாலும் எறக்கிவிட மாட்டேன் பாரு" என்றான். பின்னால் பால் கேன் உருளுகிற சத்தம். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

ஏப்ரல் 26 – சனி

'தாய்மாமன் சீர் பட்டியல்' – நம் பக்கம் முதல் இடம்! ஐரினிடம் காட்டினேன். "தொண்ணூத்தாறு மார்க்கு சும்மா போகல" என்றாள். இன்று மட்டும் ஆறு போன்.

மே 9 – வெள்ளி

முன்னறை காலி. ஐம்பத்தொரு தட்டும் வெளியே போயிருக்கிறது. இன்னும் ஐம்பது வாங்கலாமா என்று அவரே கேட்கிறார். பைக் சாமான் பேச்சே இல்லை.

மே 12 – திங்கள்

செக்கானூரணியிலிருந்து ஒரு பெண் பேசினாள். "அக்கா, ஒங்க லிஸ்ட்ட எங்கண்ணனுக்கு அனுப்பிட்டேன். இனி அவுக தப்பிக்க முடியாது" என்றாள். அடுத்த அரைமணியில் அந்த அண்ணனே கூப்பிட்டார்.

"யாருங்க நீங்க? பென்சில் பெட்டி எதுக்குங்க தாய்மாமன் சீர்ல?"

"அது மொறைங்க" என்றேன்.

அவர் தட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனை வைத்தார். நன்றாகச் சிரித்தேன். இவரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

மே 18 – ஞாயிறு

நான் ஊருக்கு வெட்டிய குழியில் இவர் விழுந்தார். இவருடைய தங்கை முத்துச்செல்வி வந்திருந்தாள். ஜூன் 8 அவள் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் யார்? இவர்தான். கையில் போனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மதினி, நீங்களே எழுதியிருக்கீக. ஐம்பத்தொண்ணு. ஒண்ணு கொறஞ்சாலும் எங்க மாமியா விடாது."

இவர் என்னைப் பார்த்தார். நான் காபி போடப் போனேன்.

ஜூன் 8 – ஞாயிறு

கொட்டு முழங்க ஐம்பத்தொரு தட்டு. இவர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். முத்துச்செல்விக்குப் பூரிப்பு. படம் எடுத்து வெப்சைட்டில் போட்டேன், சொந்தக்காரர்கள் குரூப்பிலும் போட்டேன். எல்லோரும் கைதட்டு, பூ, கும்பிடு என்று அனுப்பித் தள்ளினார்கள். சுருளி ஒரே ஒரு கட்டைவிரல்.

ஜூன் 17 – செவ்வாய்

சுருளி மூன்று நாளாகப் போன் எடுக்கவில்லை. பால் வண்டிக்காரனுக்கு அப்படி என்ன வேலை? பால் காலையிலேயே முடிந்துவிடும்.

ஜூன் 22 – ஞாயிறு

எடுத்தான். ஆகஸ்ட் 31 ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "பாப்போம்க்கா" என்றான்.

என்ன பாப்போம்? தாய்மாமன் பார்க்கிறதுக்கு என்ன இருக்கிறது? மாமா வருவாரா என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வேன்? ஏதோ கோபம் போல. அவன் மகன் பிறந்தநாளுக்கு நாங்கள் போகாததாக இருக்கும். நேரில் போய்ச் சரி செய்துவிட வேண்டியதுதான். அவன் வரவில்லை என்றால் யார் மடியில் உட்கார வைப்பேன்? அப்புறம் அது காதுகுத்தா, கம்மல் கடையில் போய் ஓட்டை போட்டுக்கொண்டு வருகிற மாதிரிதான்.

ஜூலை 6 – ஞாயிறு

உசிலம்பட்டி போய்விட்டு இப்போதுதான் வந்தேன். எழுதிவிடுகிறேன்.

வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் வைத்து முறையாக அழைத்தேன். தம்பி பொண்டாட்டி கறி எடுத்துச் சமைத்திருந்தாள். நன்றாகத்தான் பேசினாள். ஆனால் தேதிப் பேச்சு எடுத்தால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாள். சுருளி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான். சரி, இவளிடம் வெப்சைட்டைக் காட்டலாம், அக்கா எப்படி முன்னுக்கு வந்துவிட்டேன் பார் என்று பெருமை பீற்றலாம் என்று பார்த்தால் என் போனில் சார்ஜ் இல்லை. அவன் போன் கட்டிலில் கிடந்தது. எடுத்தேன். கூகுளில் 'தாய்மாமன்' என்று அடித்தேன்.

அவன் முன்பு தேடியதெல்லாம் கீழே வந்து நின்றது. பக்கத்தில் சின்னக் கடிகாரப் படம் போட்டு.

தாய்மாமன் சீர் 51 தட்டு கட்டாயமா
தாய்மாமன் சீர் செய்ய முடியாவிட்டால் என்ன ஆகும்
தாய்மாமன் இல்லாமல் காது குத்தலாமா

பாவி மகளே, என்ன செஞ்சு வச்சிருக்க நீ. ஊருக்கெல்லாம் அது விளம்பரம்டி. அவன் அத ஒன் கடுதாசின்னு நெனச்சுப் படிச்சிருக்கான். அக்கா கேக்குதுன்னு நெனச்சிருக்கான். இவரு தங்கச்சிக்கு ஐம்பத்தொண்ணு செஞ்ச போட்டோவ வேற போட்டுக் காமிச்சிருக்கேன். போன வருசம் மழையும் இல்ல, வெள்ளாமையும் இல்ல, பால் வண்டியும் மொதலாளி வண்டி. தெரியாதா எனக்கு? தெரியும். தெரிஞ்சேதான் பென்சில் பெட்டி எழுதினேன்.

போனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அவன் கை கழுவிவிட்டு வந்தான். "சாப்பிடுக்கா" என்றான். சாப்பிட்டேன். எலும்பு நல்லியைத் தேடி எடுத்து என் இலையில் வைத்தான்.

ஜூலை 7 – திங்கள்

இவரிடம் சொன்னேன். "போன் போட்டுச் சீரு வேணாம்னு சொல்லிரு, முடிஞ்சுச்சு" என்றார்.

முடியாது. தம்பியைக் கூப்பிட்டுச் 'சீர் வேண்டாம்' என்று சொன்னால் 'நீ வராதே' என்று சொன்னதாகத்தான் அர்த்தம். அக்கா எங்களை இல்லாதப்பட்டவர்கள் ஆக்கிவிட்டாள் என்று அவன் மாமனார் வீடு வரைக்கும் போகும். நாமே ரகசியமாகத் தட்டு அனுப்பலாம் என்றார் இவர். அதற்கு அவன் செத்தாலும் சம்மதிக்க மாட்டான். அவனால் முடியாது என்று எனக்குத் தெரியும் என்றுகூட அவனுக்குத் தெரியக் கூடாது. அப்புறம் முகத்தைப் பார்த்துப் பேசுவது எப்படி?

ஜூலை 12 – சனி

யோசித்ததில் ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. அவன் யாரிடமும் கேட்கவில்லை. கூகுளிடம் கேட்டான். இன்னொரு தடவை கேட்பான். அங்கே நான் போய் நிற்க வேண்டும்.

ஐரினிடம் சொன்னேன். 'தாய்மாமன் இல்லாமல் காது குத்தலாமா' – இந்தக் கீவேர்டில் நம் பக்கம் முதலில் வர வேண்டும். அவள் எதையோ திறந்து பார்த்தாள்.

"இத மாசத்துக்கு எத்தன பேரு தேடுறாங்கன்னு காட்டுது தெரியுமா? பூஜ்யம். வேஸ்ட்டு."

"ஒருத்தன் தேடுறான்" என்றேன்.

அப்புறம்தான் முழுவதையும் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதை மாட்டிக்கொண்டு, "எங்க மாமாவும் என் கல்யாணத்துக்கு வரல சத்யா. நாங்க அவர்கூட இன்னும் பேசுறதில்ல. என்ன காரணம்னு இப்பத்தான் யோசிக்கிறேன்" என்றாள்.

ஜூலை 17 – வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. போன் இல்லை, ஆர்டர் இல்லை. நூற்றொரு தட்டும் முன்னறையில் கிடக்கின்றன.

ஜூலை 20 – ஞாயிறு

மூன்று தடவை எழுதி மூன்று தடவை கிழித்தேன். 'அன்பு இருந்தால் போதும், சீர் முக்கியமில்லை' என்று எழுதினால் இரக்கப்பட்டது போல் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு ஒருவனும் தலை நிமிர்ந்து சபைக்கு வரமாட்டான். அவனுக்கு ஆறுதல் வேண்டாம். முறை வேண்டும். நாலு பேர் முன்னால் எடுத்துச் சொல்கிற மாதிரி ஒரு முறை.

முறை உண்டாக்குவது எனக்கு என்ன புதுசா?

ஜூலை 24 – வியாழன்

ஏற்றிவிட்டோம். 'தாய்மாமன் சீர் – பத்துக் கேள்விகள், பத்துப் பதில்கள்'. அவனுடைய மூன்று கேள்விகளையும் அவன் அடித்தபடியே, ஒரு எழுத்து மாற்றாமல், நாலாவது, ஏழாவது, ஒன்பதாவதாக வைத்தேன். மீதி ஏழும் ஒப்புக்கு. மொட்டைக்குச் சந்தனம் எவ்வளவு பூச வேண்டும் என்பது வரைக்கும் இருக்கிறது. அவனுக்காக எழுதியது என்று அவனுக்குச் சந்தேகம் வரக்கூடாது.

ஒன்பதாவது: தாய்மாமன் இல்லாமல் காது குத்தலாமா? கூடாது. தட்டு இல்லாமல் குத்தலாம், மடி இல்லாமல் குத்தக் கூடாது.

நாலாவது: ஐம்பத்தொரு தட்டு கட்டாயமா? இல்லை. அது சமீபத்தில் வந்த பழக்கம். (ஏப்ரல் 2, புதன்கிழமை வந்த பழக்கம் – அதை எழுதவில்லை.) பெரிய வீடுகளில் மூன்று தட்டுதான் முறை. தேங்காய் பழம் ஒன்று, பிள்ளைக்குத் துணி ஒன்று, வெற்றிலை பாக்கு ஒன்று. அதற்கு மேல் கொண்டுவருவது ஆடம்பரம்.

தட்டு வாடகைக்கு விடுகிற கடை எழுதியது. கீழே வழக்கம்போல என் நம்பர்.

ஜூலை 30 – புதன்

என் போனில் தேடினால் முதலாவதாக வருகிறது. உன் போன் உனக்கு வாலாட்டத்தான் செய்யும், அதை நம்பாதே என்கிறாள் ஐரின். பக்கத்து வீட்டு அக்கா போனை வாங்கித் தேடினேன். ஒன்பதாவது. ஒன்பதாவது வரைக்கும் சுருளி இறங்கி வருவானா? அவனுக்குக் கறிக்கடையிலேயே வரிசையில் நிற்கப் பொறுமை கிடையாது.

ஆகஸ்ட் 2 – சனி

ஐம்பத்தொரு தட்டுப் பட்டியலை அழிக்கச் சொன்னேன். ஐரின் பேனாவைக் கீழே வைத்தாள்.

"மொத ஆளா நிக்கிற ஒரே பக்கம் அதுதான். அழிச்சா அடுத்த மாசம் ஒருத்தன் கூப்பிட மாட்டான்."

"தெரியும்."

"ஆவணி முழுக்க முகூர்த்தம்டி."

அதுவும் தெரியும். இரண்டு பக்கமும் இருந்தால் அவன் எதை நம்புவான்? பயந்தவன் பெரிய எண்ணைத்தான் நம்புவான். இவரைப் பார்த்தேன். இவர் முன்னறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "அழிச்சிரும்மா" என்று ஐரினிடம் சொன்னார். பிறகு வெளியே போய் நின்றுகொண்டார்.

ஆகஸ்ட் 3 – ஞாயிறு

முத்துச்செல்வி போனில் சண்டை. லிஸ்ட்டைக் காணோமாம். மாமியார் கேட்டால் எதைக் காட்டுவது என்கிறாள்.

ஆகஸ்ட் 9 – சனி

பக்கத்து வீட்டு அக்கா போனிலும் முதலாவது. இவர் கடைப் பையன்கள் போனிலும் முதலாவது. பத்துக் கேள்விப் பக்கத்துக்கு இந்த வாரம் வந்தவர்கள் நால்வர். நாலில் ஒன்று அவனா? எப்படித் தெரிந்துகொள்வது? வந்து படித்தது யாரென்று காட்டுகிற கருவி எதுவும் இல்லையாம். கேட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 12 – செவ்வாய்

சுருளியிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 16 – சனி

அறுபத்தொன்று. அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு வாரத்தில் அறுபத்தொரு பேர். பூஜ்யம் என்று காட்டிய சொல். எத்தனை சுருளிகள் இப்படிக் கமுக்கமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்? ஒருவர் போன் போட்டு, "ரொம்ப நன்றிம்மா, அப்பிடியே எங்க அக்காவுக்கு அனுப்பி வச்சேன்" என்றார். தட்டு வேண்டுமா என்று கேட்டேன். மூன்றுதானே, வீட்டிலேயே இருக்கிறது என்றார்.

ஆகஸ்ட் 18 – திங்கள்

காலை ஒன்பதரைக்கு அவனே கூப்பிட்டான்.

"யக்கா, முப்பத்தொண்ணாந் தேதி காலையில எத்தன மணிக்கு? வண்டிக்கு மாத்து ஆள் சொல்லணும்ல."

"ஏழு மணிக்கு" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

"சரி, ஆறுக்கே வாரேன். பிள்ளைக்கு எந்தக் கலருக்கா பிடிக்கும்?"

மஞ்சள் என்று சொன்னேன். படித்தாயா என்று நான் கேட்கவில்லை. படித்தேன் என்று அவனும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு அடுக்களையில் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்துவிட்டது.

ஆகஸ்ட் 27 – புதன்

இந்த மாதம் முழுவதற்கும் இரண்டே ஆர்டர். இவருடைய பைக் சாமான்கள் முன்னறையில் பாதிக்கு வந்தாயிற்று. மீதிப் பாதியை விட்டுத்தர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். ஐரினும் நானும் அடுத்த கீவேர்டு பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகஸ்ட் 31 – ஞாயிறு

சுருளி சொன்னபடி ஆறு மணிக்கே வந்துவிட்டான். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. அவன் பொண்டாட்டி கையில் ஒரு தட்டு, அவன் மகன் கையில் ஒன்று, அவன் கையில் ஒன்று. வீட்டுச் சில்வர் தட்டுகள், புளி போட்டு விளக்கியவை. மஞ்சள் பட்டுப் பாவாடை.

கோயில் முன்னால் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து வாணியை மடியில் வைத்துக்கொண்டான். சொந்தக்காரர்கள் கூடி நின்றார்கள். முத்துச்செல்வி தட்டை எண்ணினாள். எண்ணுவதற்கு நேரம் ஆகவில்லை.

"என்னா, அம்புட்டுத்தானா?" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

சுருளி நிமிர்ந்து பார்த்தான். பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே நிதானமாகச் சொன்னான்.

"பெரிய வீடுகள்ல மூணுதான் மொறை. அதுக்கு மேல கொண்டாந்தா ஆடம்பரம். இதுகூடத் தெரியாதா?"

இவருடைய பெரியப்பா, எண்பது வயதுக்காரர், கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"பய சரியாச் சொல்றான்ப்பா. எங்க அப்பா காலத்துல இருந்தே மூணு தட்டுத்தான். இந்தக் காலத்து ஆளுகதான் கெடுத்துட்டாக."

அந்த மூன்றை நான் எழுதி இன்றோடு முப்பத்தெட்டு நாள் ஆகிறது. முத்துச்செல்வி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பந்திக்கு இலை போட்டாயிற்றா என்று பார்க்கப் போனேன்.